ஆட்டுத் தலையும் சித்தப்பாவின் கழுத்தும்

விருத்தாசலத்துக்குப் போகிறவர்கள் பழமலைநாதரைத் தரிசிக்கப் போவார்கள். நான் சித்தப்பாவைப் பார்க்கப் போவேன். அங்கே பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது வருஷமாக அவர் பொம்மை செய்கிறார்.

பொம்மை பிறக்கும் விதம் வேடிக்கையானது. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள் பால் போலக் கரைத்த களிமண்ணை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் உட்சுவரில் ஏடு மாதிரி படியும். வேண்டிய கனம் சேர்ந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். மறந்தால் முதலில் அடைத்துக்கொள்வது பொம்மையின் கழுத்துத்தான்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் சித்தப்பா டெலிபோனில் கூப்பிட்டார்.

"பிள்ளையாருக்குக் கண் எழுதிக்கிட்டிருந்தேன் தம்பி. பிரஷ் நழுவிடுச்சு. வலது கை என்னோடது இல்லை போல இருந்துச்சு. பேச்சும் குழறுச்சு. பத்து நிமிஷத்திலே எல்லாம் சரியாப் போச்சு."

"வெயில்தான் சித்தப்பா. மோர் குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் படுங்க" என்றேன். கதை எழுதுகிறவனுக்கு எதற்கும் உடனே ஒரு காரணம் சொல்லத் தெரியும்!

இத்தனைக்கும் நான் கல்லூரியில் இரண்டு வருஷம் விலங்கியல் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒரு நாள் கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுத் தலை ஒன்றை வாங்கி வந்து, மூளைக்கு அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடப்பதைக் காட்டினார். அதற்கு லத்தீனில் 'அதிசய வலை' என்று பெயர். ஆட்டுக்குப் பிறந்தபின், கழுத்திலிருந்து மூளைக்கு நேரே போகும் குழாய் சுருங்கிப் போகிறது. தாடைப் பக்கத்துக் குழாயின் கிளைகள் வழியாக ரத்தம் இந்த வலைக்குள் புகுந்து மேலே ஏறுகிறது. மூக்கில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் வலையைச் சூழ்ந்து நிற்பதால், உடம்பு கொதித்தாலும் மூளைக்குப் போகும் ரத்தம் சற்றே குளிர்ந்து போகிறது. சித்திரை வெயிலிலும் ஆடு மேய்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்ற வைத்தியர் விலங்குகளை அறுத்துப் பார்த்துவிட்டு, மனிதனுக்கும் இந்த வலை உண்டு என்று எழுதினார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் உலகம் அதை நம்பியது. 1543-இல் வெசாலியஸ் தம் புத்தகத்தில், மனிதனுக்கு அது இல்லை என்று எழுதினார். தாமே முன்பு பாடம் நடத்துகையில் ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ வைத்துக்கொண்டு வலையைக் காட்டியதையும் ஒப்புக்கொண்டார். அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கிறது.

நமக்கு இருப்பவை நான்கு குழாய்கள். முன்கழுத்தில் இரண்டு, கழுத்தெலும்புத் துவாரங்கள் வழியாகப் பின்னால் இரண்டு. மூளைக்கு அடியில் நான்கும் ஒரு வளையமாகச் சேர்கின்றன. 1664-இல் அதை விவரித்த தாமஸ் வில்லிஸின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒன்று அடைத்தால் மற்றவை கைகொடுக்கும், சில சமயம். முன்கழுத்துக் குழாய்க்குக் 'கரோட்டிட்' என்று பெயர். மயக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பரீட்சையில் இதையெல்லாம் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

மோர் குடித்த இரண்டாம் நாள் சித்தப்பாவின் கை மறுபடி விழுந்தது. இந்தத் தடவை பத்து நிமிஷத்தில் எழவில்லை. அவர் மகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ஸ்கேனில் இடது கழுத்துக் குழாய் குறுகியிருந்தது. வலது கையும் பேச்சும் இடது மூளையின் அதிகாரத்தில் இருப்பவை. "முதல் தடவையே வந்திருக்க வேண்டும். அதுதான் எச்சரிக்கை" என்றார் டாக்டர். நான் வாய் திறக்கவில்லை.

சில நாள் கழித்துப் பேச்சு தெளிந்ததும் சித்தப்பா கேட்டார்:

"கவிழ்க்க மறந்த அச்சு மாதிரிதானே தம்பி?"

கிட்டத்தட்ட அதேதான். அச்சில் மண் சுவரின் மேல் படிகிறது. குழாயில் கொழுப்பு சுவருக்குள்ளேயே தடிக்கிறது. அது வெடிக்கும் இடத்தில் ரத்தம் உறைந்து, துணுக்குகள் மேலே மிதந்து போய் மூளையில் அடைக்கின்றன.

இப்போது பீடி இல்லை, மாத்திரை உண்டு. விரல்கள் முழுக்கத் திரும்பவில்லை. பொம்மைகளுக்குக் கண் எழுதுவது மகள். அன்று பாதியில் நின்ற பிள்ளையாரைச் சித்தப்பா எனக்குக் கொடுத்துவிட்டார். ஒற்றைக் கண்ணோடு என் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

யாருக்காவது கை மரத்துப் பேச்சுக் குழறினால், அது தானே சரியாகிப் போனாலும், மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.