கருவியும் உயிரும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்புடையது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறு போல, உயிரும் தான் பற்றிய பொருளின் தன்மையை எய்தும். இயந்திரங்கள் மலிந்த இக்காலத்திற்கு இவ்வுண்மை எத்துணைப் பொருத்தமுடையது என்பதைத் திண்டிவனத்து அன்பரொருவரின் அனுபவங் கொண்டு காண்பாம்.

அவ்வன்பர் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர்தம் முன்னோர் நிலம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தே பெண்ணையாற்றை அடுத்துள்ளது. 2024 டிசம்பரில், பெஞ்சல் புயலின் பெருமழையாலும் சாத்தனூர் அணையினின்று திறந்துவிடப்பட்ட நீராலும் பெண்ணையாறு கரைகடந்து பெருகிற்று. வெள்ளம் வடிந்தபின் அன்பர் தம் மைந்தரோடு திண்டிவனத்தில் இரயிலேறி, விழுப்புரத்தில் இறங்கி, பேருந்திற் சென்று நிலத்தைக் கண்டார். கரும்பு சாய்ந்து கிடந்தது. வயலெங்கும் முழங்காலளவு மணல். மைந்தர், "அப்பா, இம்மணல் எத்தனை லாரி தேறும்?" என்றார்.

அன்பர் சினந்தாரல்லர், திடுக்கிட்டார். ஏனெனின், மைந்தர் வினவுமுன்னரே அவர்தம் நெஞ்சும் அக்கணக்கைப் போட்டு முடித்திருந்தது.

அந்நாட்களில் அவர் பயின்றுவந்தது மார்ட்டின் ஹைடெக்கர் என்னுஞ் செருமானியத் தத்துவ அறிஞரின் நூல். 1953-இல் மியூனிக் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் அவ்வறிஞர், தொழில்நுட்பத்தின் சாரம் இயந்திரத்தில் இல்லை, உலகம் நமக்குத் தோன்றும் முறையிலேயே உள்ளது என்று விளக்கினார். பழைய மரப்பாலம் ரைன் ஆற்றின் இரு கரைகளையும் இணைத்து நின்றது. மின்னிலையமோ ஆற்றையே தனக்கு உறுப்பாக்கிக்கொண்டது. அதன்பின் ஆறு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் இருப்புச் சரக்காகவே தோன்றும். முடிவில் மனிதனும் சரக்காவான் என எச்சரித்தார். இன்று அலுவலகங்களில் வழங்கும் 'மனிதவளம்' என்னுஞ் சொல்லே அதற்குச் சான்றாம்.

நோயை இத்துணை நுட்பமாய்க் கண்ட அவ்வறிஞரே, 1933-இல் நாஜிக் கட்சியிற் சேர்ந்தார். கற்ற அறிவு மட்டும் பாசத்தை அறுக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1966-இல் அவரளித்த பேட்டியொன்று, அவர் மறைந்த 1976-இல் வெளியாயிற்று. இனி நம்மைக் காக்கவல்லது தெய்வமே என்னுங் கருத்து அதன்கண் உளது. மருந்து எங்குளதென அவரும் உணர்ந்தார் போலும்.

அம்மருந்தை 13-ஆம் நூற்றாண்டிலேயே உரைத்தருளியவர், திருவெண்ணெய்நல்லூரில் எழுந்தருளியிருந்த மெய்கண்ட தேவர். வேடர் நடுவே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரன் போல, உயிர் ஐம்புலன்களிடையே தன்னை மறந்துள்ளது. குருவாய் வந்து உணர்த்துவோன் இறைவனே என்பது சிவஞானபோத எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. கருவிகள் வெறுக்கத்தக்கன அல்ல. தனு கரண புவன போகங்கள் இருளில் வழிகாட்டும் விளக்காக அருளப்பட்டவை. விளக்கை ஏந்தி நடத்தல் தகும். அதனையே ஞாயிறெனக் கோடல் பிழை.

அன்று மாலை இருவரும் கிருபாபுரீசுவரர் சந்நிதியில் நின்றனர். இறைவன் ஓலை காட்டிச் சுந்தரரைத் தன் ஆள் என்று வழக்கிட்டு வென்ற தலம் அது. சரக்காய் எண்ணப்படும் உயிர் தேய்ந்தொழியும். ஆளாய் ஏற்கப்பட்ட உயிரோ தம்பிரான் தோழராய் உயர்ந்தது. அன்பர் இதனை மைந்தர்க்கு மெல்ல எடுத்துரைத்தார்.

வயல் மணலை அகற்றத்தான் வேண்டும். அதற்கு லாரியும் வரத்தான் வேண்டும். ஆயினும், திரும்புகையில் பேருந்து பெண்ணைப் பாலத்தைக் கடந்தபோது, மைந்தர் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு ஆற்றையே நோக்கியிருந்தார். கணக்கொன்றுங் கேட்டிலர்.

திருச்சிற்றம்பலம்.