யார் முதலில்?

அபெரிஸ்ட்வித்துக்கு அப்பால் ரயில் கிடையாது. ஷ்ரூஸ்பரியிலிருந்து வேல்ஸ் மலைகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் தண்டவாளம் இங்கே முடிந்துவிடுகிறது, அடுத்தது கடல்தான். நாடுகள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்று படிப்பதற்கென்றே உலகின் முதல் பல்கலைக்கழகத் துறை 1919இல் தொடங்கியது இந்த மூலையில்தான். முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸ் என்ற நிலக்கரிக் குடும்பத்துச் செல்வந்தரும் அவருடைய சகோதரிகள் இருவரும் 20,000 பவுண்டு கொடுத்தார்கள். நாடுகள் கூடிப் பேச ஒரு சங்கமும் சட்டமும் இருந்தால் போர் ஒழியும் என்று டேவிஸ் மனதார நம்பினார். அவர் நிறுவிய பேராசிரியர் இருக்கைக்கு 1936இல் வந்த ஈ.எச். கார், அதே நம்பிக்கையை 1939இல் ஒரு புத்தகம் முழுக்க உரித்துத் தொங்கவிட்டார். காசு கொடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அதே ஊரின் பெங்லைஸ் குன்றின் மேல், ஜன்னலில் மழை வழியும் அந்தத் துறையின் ஒரு வகுப்பறை. இளங்கலை இரண்டாம் ஆண்டு. பின்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இன்று பாடம் இல்லை, விளையாட்டு. மேசைகளை மூன்று கூட்டமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்று வடக்கு நாடு, ஒன்று தெற்கு நாடு, நடுவில் பத்திரிகைக்காரர்கள். இரண்டு நாட்டுக்கும் எல்லை ஒரே ஆறு. நரைமுடியை பென்சிலால் சொருகிக் கொண்டை போட்டிருக்கும் ஆசிரியை, இரு தரப்புக்கும் ஆளுக்கொரு நீலச் சீட்டைக் கொடுக்கிறார். ‘உங்கள் நாட்டுக்கு என்ன வேண்டும்’ என்று எழுதி, மடித்து, தன்னிடம் தந்துவிட வேண்டுமாம். ஆட்டத்தில் இருபது நிமிடம் ஒரு நாள். ஒருவரோடு ஒருவர் நேரில் பேசக் கூடாது. கடிதமெல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகும். அங்கே எட்டு நிமிடம் கிடக்கும்.

“எட்டு நிமிஷமா? எதுக்கு?” என்கிறான் வடக்கின் பிரதமர். ரக்பி ஆடுகிற தோள். குரல் மட்டும் பூனைக்குட்டி.

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுப் போரின் விளிம்புவரை போன 1962 கியூபா நெருக்கடியின்போது வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் செய்தி அனுப்பிய விதத்தைச் சொல்கிறார் ஆசிரியை. சங்கேதத்தில் எழுதி, தந்திக் கம்பெனிக்குப் போன் போட்டால், ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போவானாம். அவன் வழியில் எங்கும் நின்றுவிடக் கூடாதே என்று தூதரகம் வேண்டிக்கொள்ளும். உலகம் அழியுமா பிழைக்குமா என்ற சேதி, சைக்கிள் கேரியரில். அடுத்த ஆண்டே இரு தலைநகரங்களுக்கும் நேரடி இணைப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சினிமாவில் காட்டுகிற சிவப்புத் தொலைபேசி அல்ல அது, தொலைத்தட்டச்சு இயந்திரம்.

முதல் நாள் சிரிப்பும் பிஸ்கட்டுமாகப் போகிறது. தெற்கின் பாதுகாப்பு அமைச்சர் பச்சை ஸ்வெட்டர் போட்ட மெலிந்த பெண். பிஸ்கட் பொட்டலத்தை வடக்கு மேசைக்கும் அனுப்பிவைக்கிறாள். நேரில் பேசத்தானே தடை.

இரண்டாம் நாள் காலை வடக்கு தன் மிதவைப் பாலங்களை ஆற்றங்கரைக்கு நகர்த்துகிறது. வருஷாவருஷம் நடக்கும் வெள்ளக்காலப் பயிற்சி. என் நாற்காலி அவர்களுக்குப் பக்கத்தில் என்பதால் எனக்குத் தெரியும், அவர்கள் மனதில் வேறொன்றும் இல்லை. தெற்குக்குக் கிடைக்கும் சீட்டில் ‘மிதவைப் பாலங்கள் ஆற்றை நோக்கி’ என்று மட்டும் இருக்கிறது. பச்சை ஸ்வெட்டர் அதை இரண்டு முறை படிக்கிறாள். “பயிற்சியாத்தான் இருக்கும். ஆனா இல்லேன்னா?” ரிசர்வ் படையைக் கூப்பிடுகிறார்கள். முன்ஜாக்கிரதைதான், விளக்கக் கடிதமும் எழுதுகிறார்கள். கடிதம் எட்டு நிமிடம் கிடக்கிறது. பத்திரிகை மேசைக்கு அந்தத் தடை இல்லை. ‘அணிதிரள்கிறது தெற்கு!’ என்று வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். கடிதம் வருவதற்குள் வடக்கு தன் விமானங்களைத் தயார்நிலையில் நிறுத்திவிட்டது.

ஒவ்வொரு முடிவையும் எடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். ஒருவரிடமும் வெறி இல்லை. அப்படியே போய் ஒரு குடும்பத்தின் வரவுசெலவைப் பார்க்கச் சொன்னால் பொறுப்பாகப் பார்ப்பார்கள். ஆனால் மூன்றாம் நாளில் நாற்காலிகள் முதுகு காட்டுகின்றன. மடிக்கணினித் திரைகள் தாழ்கின்றன. பிஸ்கட் தெற்கிலேயே தங்கிவிட்டது.

நான்காம் நாள் ஆசிரியை தெற்கின் மேசையில் ஒரு அட்டையை வைக்கிறார். வடக்கின் ஆயுதமில்லாத உளவு விமானம் ஒன்று எல்லை தாண்டி வந்திருக்கிறது. முடிவெடுக்க ஆறு நிமிடம். கற்பனையொன்றும் இல்லை. 1962 அக்டோபர் 27 அன்று ஒரு அமெரிக்க யூ-2 உளவு விமானம் கியூபாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது, அதே நாளில் இன்னொரு யூ-2 வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது.

“வழி தவறியிருக்கலாம்” என்கிறான் ஒருவன்.

“விட்டா பயந்துட்டோம்னு நினைப்பாங்க. நாளைக்குப் பத்து வரும்.” பச்சை ஸ்வெட்டர்தான் பேசுகிறாள். கை தூக்குகிறார்கள். நான்குக்கு இரண்டு. சுட்டாயிற்று.

ஆசிரியை கடிகாரத்தை நிறுத்துகிறார். மடித்து வைத்த நீலச் சீட்டுகளைப் பிரித்து வாசிக்கிறார். வடக்கு: போர் வேண்டாம், ஆற்று நீரில் இப்போதுள்ள பங்கு குறையக் கூடாது. தெற்கு: ஆற்றில் எங்கள் பங்கு அப்படியே இருக்க வேண்டும், சண்டை வேண்டாம்.

பிறகுதான் பாடம் வருகிறது. தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நாடு செய்வது அடுத்த நாட்டுக்கு மிரட்டலாகத் தெரிகிறது. அது தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது இதற்கு மிரட்டல். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போன ஜான் ஹெர்ஸ் 1950இல் இதற்கு ‘பாதுகாப்புச் சிக்கல்’ என்று பெயர் வைத்தார். 1983 நவம்பரில் நேட்டோ ‘ஏபிள் ஆர்ச்சர்’ என்ற பயிற்சியில் அணு ஆயுதம் ஏவுவதற்கான நடைமுறைகளை ஒத்திகை பார்த்தபோது, சோவியத் தரப்பு கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் சில விமானங்களை உஷார்நிலையில் வைத்தது. எவ்வளவு நெருங்கிப் போனார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ரக்பிக்காரன் கை தூக்குகிறான். “சீட்டு ரெண்டும் ஒண்ணா இருந்ததாலதானே இப்படிச் சொல்றோம். அந்தப் பக்கம் ஹிட்லர் இருந்தா?”

இந்தக் கேள்வியில்தான் அந்தப் பையன்மேல் எனக்கு மரியாதை வந்தது. சீட்டுகள் பொருந்துவது வகுப்பறையின் வசதி. ஈ.எச். கார் எவ்வளவு பெரிய மூளை! அவரே தன் 1939 புத்தகத்தின் முதல் பதிப்பில், ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938இன் மியூனிக் உடன்பாட்டைச் சமாதான வழிக்கு உதாரணமாகத் தூக்கிப் பிடித்தார். 1946இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரிகள் இல்லை. ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு, “சீட்டு என் கையில் இருந்தது. ஆட்டம் முடியும்வரை நீங்கள் அதைப் பார்க்க முடிந்ததா?” என்று மட்டும் கேட்கிறார்.

அதுவரை தலைப்பு எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை மேசைப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்கிறாள்: “ஆத்தங்கரையில குடியிருக்கிறவங்களுக்கு எந்த மேசை?” இதே துறையில் பல்லாண்டு பாடம் நடத்திய கென் பூத் 1991இல் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: பாதுகாப்பு என்றால் யாருடைய பாதுகாப்பு, நாட்டுடையதா, மனிதர்களுடையதா? பனிப்போர் பாடங்களில் வளர்ந்த இந்த இயல் பாதை மாறியதில் அந்தக் கேள்விக்குப் பங்குண்டு. ஆசிரியை பதில் சொல்லவில்லை. அதையே அடுத்த வாரக் கட்டுரைக்குத் தலைப்பாக்கிப் பலகையில் எழுதுகிறார். கேட்டவளை நண்பர்கள் முறைக்கிறார்கள்.

மேசைகளைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள். எனக்கு முன்னால் பச்சை ஸ்வெட்டரும் ரக்பிக்காரனும் படியிறங்குகிறார்கள்.

“எல்லாம் சரி, பாலத்தை முதல்ல நகர்த்தினது நீங்கதானே?”

“பயிற்சின்னு சொன்னோமே! படையைக் கூப்பிட்டது யாரு?”

“உங்க கடிதம் வர்றதுக்குள்ள...”

“உங்க கடிதமும்தான் வரலை.”

பஸ் நிறுத்தம்வரை கேட்டுக்கொண்டே நடந்தேன். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். விமானம் யார் எல்லையில் விழுந்தது என்ற இடத்துக்கு அப்போது வந்திருந்தார்கள்.