சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் வளரும் பிள்ளைகள் இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

கொஞ்சக் காலமாக எங்கள் வகுப்புகளில் பத்தாம், பதினோராம் தரத்துப் பொடியன்மார் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். "சேர், நைன் எம்எம் கார்பைனுக்கு எந்த ரவ நல்லம்?" பப்ஜியில் தொடங்குகிற ஆர்வம், யூடியூபில் அமெரிக்கர்கள் போடும் வீடியோக்களில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வட்சப் குழுக்களில் பெரியவர்களும் "வீட்டில் பாதுகாப்புக்கு ஏதாவது வைத்திருக்கத்தான் வேணும்" என்று எழுதுகிறார்கள்.

அந்தப் பயம் பொய்யில்லை. 2025 பெப்ரவரி மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 18 ஆம் திகதி மித்தெனியவில் மோட்டார் சைக்கிளில் போன ஒரு தகப்பனைச் சுட்டார்கள். கூட இருந்த இரண்டு பிள்ளைகளும் மௌத்தானார்கள். மறுநாள் புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி உடுப்பில் வந்தவர், வெட்டிக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுபோன துப்பாக்கியால் ஒருவர் கொல்லப்பட்டார். 21 ஆம் திகதி கொட்டாஞ்சேனையிலேயே சூடு.

இதையெல்லாம் பார்த்த பிள்ளையிடம் "அதைப் பற்றிக் கதைக்காதே" என்று சொல்வதில் பிரயோசனமில்லை. நாங்கள் சொல்லாவிட்டால் யூடியூப் சொல்லும். அதனால் கேள்வியை நேராகவே எடுப்போம்.

கார்பைன் என்று இவர்கள் சொல்வது, கைத்துப்பாக்கி ரவையையே பாவிக்கும் நீட்டுத் துப்பாக்கி. தோளில் வைத்துச் சுடுவதால் குறி தவறுவது குறைவு. குழாய் நீளம் என்பதால் அதே ரவை இன்னும் வேகமாக வெளியே வரும். எட்டு கிராம் எடையுள்ள ஒரு நைன் எம்எம் குண்டு கைத்துப்பாக்கியிலிருந்து செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைப்போம். இயக்கசக்தி 490 யூல். நீளக் குழாயில் அதுவே 400 மீற்றர் என்றால் 640 யூல். வேகம் ஏழில் ஒரு பங்குதான் கூடியது. சக்தி நூற்றுக்கு முப்பது கூடிவிட்டது. வேகத்தின் வர்க்கம் என்று விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் கத்துவது இதைத்தான்.

அடுத்தது ரவை. பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ஈயத்தை உலோக உறையால் மூடிய உருண்டை முனைக் குண்டு. உடம்புக்குள் உருவம் மாறாமல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறிப் போகக் கூடியது. மற்றது ஹொலோ பொயின்ட். முனையில் குழி இருக்கும். உடம்பில் பட்டதும் காளான் மாதிரி விரியும், வேகம் குறையும், உள்ளேயே நின்றுவிடும்.

விரிகிற குண்டின் சரித்திரம் எங்கள் பக்கத்து நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்தில் இருந்த பிரித்தானிய ஆயுதத் தொழிற்சாலையில் அப்படிப்பட்ட குண்டு ஒன்றைச் செய்தார்கள். அந்த ஊரின் பெயரே குண்டுக்குப் பெயரானது. காயம் அவ்வளவு கொடூரம் என்பதால் 1899 இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் மனித உடம்பில் விரியும் குண்டுகளை யுத்தத்தில் தடை செய்தது. ஆனால் இன்று பல நாடுகளில் நகரத்துப் பொலிஸார் விரியும் குண்டைத்தான் பாவிக்கிறார்கள். யுத்தத்தில் கொடுமை என்று விலக்கியதை நகரத்தில் ஏன் எடுக்கிறார்கள்? பின்னால் நிற்கிற ஆளைக் காப்பாற்றத்தான்.

1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த ஒரு மோதலில் அமெரிக்க எஃப்பிஐ இரண்டு பேரை இழந்தது. அவர்கள் சுட்ட ஒரு குண்டு குற்றவாளியின் நெஞ்சுக்குள் போயும் இதயத்துக்கு எட்டாமல் நின்றது. அதன்பிறகு அவர்கள் ஓர் அளவு வைத்தார்கள்: ஜெலட்டின் கட்டியில் சுட்டால் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்குக் கூடாமலும் போக வேண்டும். குறைந்தால் தாக்க வருகிறவன் நிற்க மாட்டான். கூடினால் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும்.

கார்பைனில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். கைத்துப்பாக்கி வேகத்துக்கென்று செய்த குண்டு கூடிய வேகத்தில் முந்தியே விரிந்து, சில நேரம் உடைந்து, ஆழம் போகாமல் நிற்கலாம். அதனால் அந்த வேகத்தைத் தாங்குகிற, உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டிய குண்டைத் தேட வேண்டும் என்கிறார்கள். அப்படித் தேடி எடுத்தாலும் குறி தவறினால் எல்லாம் வீண். அமெரிக்க வீட்டு உள் சுவரான ஜிப்சம் பலகை முனைக் குழியை அடைத்துவிட்டால் குண்டு விரியாது. சாதாரண குண்டு போலப் பல சுவர்களைத் தாண்டும்.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் நாங்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "உங்கட வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார்?"

பதில் வர நேரம் எடுக்கும். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் ஒரு வீட்டையும் அடுத்ததையும் பிரிப்பது சில இடங்களில் ஒரு பலகைதான், தகரம்தான். அந்தப் பக்கம் ஒரு கைப்பிள்ளை தூங்குகிறது. ஓர் அம்மம்மா சாமி கும்பிடுகிறார். வெள்ளவத்தை தொடர்மாடிகளில் சுவர் சீமெந்துதான், ஆனால் கதவு பலகை, ஜன்னல் கண்ணாடி, அதைத் தாண்டினால் காலி வீதி. அமெரிக்கர் வீடியோவில் நிதானமாக ஆராய்கிற அந்த "சரியான ரவை" எங்கள் ஊரில் இல்லை. அது கிடைக்காததால் இல்லை. எங்கள் வீடுகளின் நெருக்கத்தில் எந்த ரவையும் சரியான ரவை ஆகாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அனுமதி பெற்றவர்களுக்கும் அது நிரந்தர உரிமை இல்லை. 2024 இறுதியில் தற்பாதுகாப்புக்காகக் கொடுத்த துப்பாக்கிகளையே வெலிசறையில் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. நவம்பர் 7 என்றிருந்த கடைசித் திகதி பிறகு 21 வரை நீடிக்கப்பட்டது.

தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டக் கோவையில் 89 ஆம் பிரிவிலிருந்து இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளின் பாதுகாப்பைத் தேட நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை என்று எல்லையும் போட்டிருக்கிறது. உயிராபத்தான நேரத்தில் வேறு வழியே இல்லாமல் அப்பாவி ஒருவருக்கு ஆபத்து வந்தால் அதையும் சட்டம் ஒரு அளவுக்கு ஏற்றுக்கொள்கிறது. சட்டம் மன்னிக்கலாம். அந்தப் பிள்ளையின் உம்மாவின் முகத்தை அடுத்த நாள் ஒழுங்கையில் எப்படிப் பார்ப்பது?

எங்கள் சமூகத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2014 ஜூனில் அளுத்கம, 2018 மார்ச்சில் திகன, 2019 மேயில் மினுவாங்கொட. கடை எரிந்து, பள்ளி உடைந்ததைக் கண்டவர்களுக்கு "கையில் ஏதாவது இருந்தால்" என்ற எண்ணம் வருவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் எங்கள் அயலவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரங்களில் வாள், பெரிய கத்தி எல்லாவற்றையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. பயத்துக்கென்று அலுமாரிக்கு மேலே வைத்த பொருள் யாரையும் காக்கவில்லை. முழுக் குடும்பத்தையும் சந்தேகத்துக்குள் தள்ளியது. ஒரு வாளுக்கே அப்படியென்றால் ஒரு ரவைக்கு எப்படி இருக்கும்?

அம்போடு பள்ளிவாசலுக்குள்ளோ கடைத்தெருவிலோ போகிறவர் யாருக்கும் பட்டுவிடாமல் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அம்பு வைத்திருப்பது சாதாரணமாக இருந்த காலத்திலேயே, தன் அம்பு யாரில் படும் என்ற பொறுப்பு அதை ஏந்தியவருடையது. டம்டம்மிலிருந்து மயாமி வரை ரவை பற்றிய இத்தனை ஆராய்ச்சியும் அதே கேள்வியில்தான் முட்டுகிறது.

அப்படியென்றால் பாதுகாப்பு? வாசலுக்கு இரும்புக் கேட், ஒழுங்கையில் எரிகிற லைட், 119 இலக்கம் வீட்டில் சின்னவருக்கும் மனப்பாடம். இவற்றுக்கு மேலாக, பக்கத்து வீட்டு நானாவின் இலக்கமும், மேல்மாடி அண்ணாவின் இலக்கமும், எதிர்வீட்டு நோனாவின் இலக்கமும் போனில் இருக்கட்டும். அளுத்கமையிலும் திகனயிலும் அயலவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு. அப்படி ஓர் அயல் ஒரு நாளில் உண்டாவதில்லை. சாதாரண நாட்களில் சலாமும் வணக்கமும் ஒரு தட்டு வட்டிலப்பமும் போய்வந்துதான் உண்டாகிறது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகன் துப்பாக்கி வீடியோ பார்த்தால் போனைப் பறிப்பதோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து நீங்களும் பாருங்கள். முடிந்ததும் சுவரைக் காட்டி, அந்தப் பக்கம் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அன்று பின்னேரமே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள்.