காசிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு

ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று ஓர் இடம் உண்டு. சுற்றுலா, வியாபாரம், உறவினர் நண்பர்களைப் பார்த்தல், கலாச்சாரம், விளையாட்டு, மருத்துவம், படிப்பு என்று அடுக்கிக்கொண்டே போனவர்கள் கடைசியில் அலுத்துப்போய் ‘இதர’ என்று முடித்திருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் யோசிக்காமல் உறவினர் கட்டத்தில் டிக் அடிப்பார்கள். நானும் அடித்தேன். பொய் ஒன்றுமில்லை, மகள் ஸ்டுட்கார்ட்டில்தான் இருக்கிறாள். ஆனால் பேரனை மடியில் வைத்துக்கொண்டே, வியன்னாவுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கு எந்தக் கட்டம்?

மகள் வீட்டுச் சமையலறை என் மனைவியை விடவில்லை. என்னை மட்டும் ரயில் ஏற்றிவிட்டார்கள்.

வியன்னாவின் பெரிய மயானத்துக்கு 71ஆம் எண் டிராம் போகிறது. அதில் வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பீத்தோவனையும் ஷூபர்ட்டையும் தேடித்தான் வருவார்கள். நான் ஈடா ஃபைஃபரைத் தேடிப் போனேன். 1797இல் அந்த ஊரில் பிறந்த அம்மாள். சின்ன வயதில் அண்ணன் தம்பிகளோடு பையன் உடுப்பில் திரிந்தவர். அப்பா இறந்ததும் அம்மா கவுன் மாட்டிப் பியானோ முன்னால் உட்காரவைத்தார். வாத்தியாரை விரும்பினார், வீட்டில் ஒப்பவில்லை. 22 வயதில், தன்னைவிட 24 வயது மூத்த ஒரு வக்கீலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மனிதர் லெம்பர்க்கில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவில், அதிகாரிகளின் ஊழலை அம்பலப்படுத்தினார். நேர்மையான வக்கீலுக்கு நேர வேண்டியது நேர்ந்தது: கட்சிக்காரர்கள் விலகிப்போனார்கள். ஈடா அக்கம்பக்கம் அறியாமல் சித்திரமும் சங்கீதமும் சொல்லிக்கொடுத்து இரண்டு பையன்களை வளர்த்தார். அவர்களில் ஒருவனை அழைத்துக்கொண்டு திரியெஸ்த் போனபோதுதான் கடலைப் பார்த்தார். பார்த்தது அப்படியே உள்ளே தங்கிவிட்டது.

பையன்கள் தலையெடுத்தார்கள். 1842 மார்ச்சில், 44 வயதில், டான்யூப் நதியில் நீராவிப் படகு ஏறினார். ‘கான்ஸ்டான்டினோபிளில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்பது ஊருக்குச் சொன்ன கதை. போனது ஜெருசலேமுக்கு, அங்கிருந்து எகிப்துக்கு. கிளம்பும் முன் உயிலும் எழுதிவைத்திருந்தார். சிநேகிதியைப் பார்க்கப் போகிறவள் உயில் எழுதுவாளா என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மாயவரத்து அத்தை ஞாபகம்தான். மாமா போன பிறகு பத்து வருஷம் வாசல் தாண்டாதவர், ஒருநாள் காசிக்குப் போகிறேன் என்றார். காசி என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. நம் கல்யாணங்களிலேயே பாருங்கள், மாப்பிள்ளை குடையும் விசிறியும் கைத்தடியுமாகக் காசிக்குக் கிளம்புவார். பத்தடி போவதற்குள் பெண்ணின் அப்பா மடக்கிக் கூட்டிவந்துவிடுவார். மறுபடி கிளம்ப நாற்பது வருஷம் ஆகும். அவரையாவது வாசல்வரை விடுகிறார்கள். பெண்ணுக்கு அந்தப் பத்தடியும் கிடையாது.

அத்தை யாத்திரை ஸ்பெஷலில் போய், செம்பு நிறையக் கங்கையோடு திரும்பினார். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். விஸ்வநாதரைப் பற்றி, “நல்ல தரிசனம், கூட்டம்தான்” என்பதோடு சரி. பிறகு இட்டார்சி ஸ்டேஷனுக்கு வந்தார். அங்கே டீயை மண் குவளையில் தருகிறான். குடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் அத்தை அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனாராம். பக்கத்தில் நின்ற ஆள் சிரித்துவிட்டு, தன் குவளையைத் தண்டவாளத்தில் விட்டெறிந்தாராம். “டப்புன்னு ஒடைஞ்சுதுடா!” ஓட்டைச் சொம்புக்கு ஈயம் பற்றவைத்து, கிழிந்த புடவையைத் தலையணை உறையாக்கி, பிறகு கைப்பிடித் துணியாக்கி, ஐம்பது வருஷம் எதையுமே தூக்கிப் போட்டறியாத மனுஷி. அவரும் எறிந்தார். சத்தம் போதவில்லை என்று இன்னொரு டீ வாங்கினார். டீ பிடிக்காதவர்! அதன்பிறகு டீக்காரன் தென்பட்ட ஸ்டேஷனில் எல்லாம் இறங்கியிருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கை தானாக ஓங்கும். கேட்பவர்கள் கங்கா தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார்கள். நான் மட்டும் மறுபடி கேட்பேன்.

காசியில் ஒரு காய், ஒரு பழம் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம், அதுவும் பிரியமானதாக. அத்தை விட்டது நூல்கோல். அவர் வீட்டில் நான் ஒருநாளும் நூல்கோல் பார்த்ததில்லை.

வயதான பிறகு ‘திடீரென்று’ பயணப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் சொல்லும். பைத்தியம் எப்போதோ பிடித்ததுதான். சொல்லிக்கொள்ளத் தோதான காரணம் கிடைப்பதற்குத்தான் இத்தனை வருஷம் பிடிக்கிறது. அத்தைக்குக் காசி கிடைத்தது, ஈடாவுக்குச் சிநேகிதி, எனக்குப் பேரன்.

ஈடா அதன்பிறகு சாக்குச் சொல்லவில்லை. பேர் போடாமல் வெளியிட்ட முதல் பயணநூலின் வரும்படியில் 1845இல் ஐஸ்லாந்து போனார். அடுத்த வருஷம் பிரேசில், டஹிதி, சீனா என்று உலகத்தைச் சுற்றக் கிளம்பி, இலங்கையில் கண்டிவரை போய்ப் பார்த்துவிட்டு, 1847இல் மதராஸ் வழியாகக் கல்கத்தா சேர்ந்தார். மதராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, அலையில் தூக்கிப்போடும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். 1851இல் இரண்டாவது சுற்று. சுமத்ராவில் மனிதரைத் தின்பவர்கள் என்று பேரெடுத்திருந்த பட்டாக் மக்கள் வழிமறித்தபோது, தான் கிழவி, கறி வேகாது என்ற மாதிரி அரைகுறையாக அவர்கள் பாஷையிலேயே சொல்லித் தப்பித்தாராம்.

எனக்கு அவரைப் பிடிப்பது வீரத்துக்காக அல்ல, முணுமுணுப்புக்காக. ஐஸ்லாந்துக்காரர்கள் கபடமற்ற எளிய ஜனங்கள் என்று கற்பனை செய்துகொண்டு போனார். போய்ப் பார்த்தால் சோம்பேறித்தனமும் குடியும் அழுக்கும் என்று பக்கம் பக்கமாகப் பொரிந்து தள்ளுகிறார். டஹிதியிலும் குறை. அந்தக் காலத்து ஐரோப்பியரின் மமதை அதில் நிறையவே உண்டு. சில பக்கங்களைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. ஆனாலும் எதுவுமே சரியில்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த கப்பலுக்கு மூட்டை கட்டுகிற அந்தக் குணம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு.

கடைசியாக 1857இல் மடகாஸ்கர். ராணி ரணவலோனாவைக் கவிழ்க்க நடந்த சதியில் இவரையும் சேர்த்து நாடு கடத்தினார்கள். வழியில் பிடித்த காய்ச்சல் விடவேயில்லை. மறுவருஷம் அக்டோபரில், வியன்னாவில் இறந்தார்.

ஊர் திரும்பிய பிறகு மனைவியிடம் மெதுவாக ஐஸ்லாந்துப் பேச்சை எடுத்தேன்.

“அங்கே நமக்கு யாரு இருக்கா?” என்றாள்.

“யாரும் இல்லை.”

“சமைச்சுப் போட யாரும் இல்லையா?”

“இல்லை.”

“அப்ப நானும் வரேன்.”