130 ஹெர்ட்ஸ்

பிப்ரவரி 11, 2024

இன்று இரவு மாத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கை துள்ளுகிறது. எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. நாளை மூளைக்குள் இரண்டு கம்பிகள்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதியது ஆறே பேரை வைத்து; அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. புலன்களுக்குப் பழுதில்லை என்று எழுதிவிட்டார். எனக்குக் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே டிகாஷன் மணம் போய்விட்டது. மூக்கைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை போலும்.

பிப்ரவரி 13

தலையை ஃபிரேமில் பூட்டி, மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்தார்கள். வலி இல்லை. துளைபோடும் சத்தம்தான் பல்வரை இறங்கியது. தேடியது மூளையின் ஆழத்தில் இருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியை. சோதனைக்குக் கொஞ்சம் கரண்ட் விட்டார்கள்.

"ஐயா, கையில என்ன பண்ணுது?"

"கட்டைவிரல்ல சுர்ருன்னு ஓடுது டாக்டர்."

"இப்ப?"

"நின்னுடுச்சு."

அவர் முகத்தில் திருப்தி. தொடு உணர்வை ஏற்றிச்செல்லும் நரம்புப் பாதை அந்த இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. சுருசுருப்பு அடங்காமல் நீடித்தால் கம்பி அந்தப் பக்கம் நெருங்கிவிட்டது என்று அர்த்தமாம். அத்தனை ஸ்கேன் எடுத்தும், கடைசியில் என் கட்டைவிரலைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கர்வம்.

பிப்ரவரி 16

கம்பிகளுக்குக் கரண்ட் தரும் கருவியை இன்னும் முடுக்கவே இல்லை, நடுக்கம் பாதியாகிவிட்டது. கம்பி நுழைந்த வீக்கத்தின் வேலை, சில வாரத்தில் போய்விடும், நம்பிவிடாதீர்கள் என்கிறார்கள்.

மார்ச் 11

இன்று முடுக்கினார்கள். 130 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோசெகண்டு. பள்ளிக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டித் தட்டி ஹெர்ட்ஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது தலைக்குள்ளேயே 130, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கரண்டைக் கூட்டியபோது உள்ளங்கையில் சுருசுருவென்று வந்து அடங்கியது. இன்னும் கூட்டினார், நாக்கு குழறியது. குறைத்துவிட்டார்.

மார்ச் 24

மனைவி கமலா என்னைக் கண்ணை மூடச்சொல்லி, கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, "எந்தப் பக்கம், சொல்லுங்க" என்றாள். நரம்பு டாக்டர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. முன்பெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்வேன். இன்று பெரும்பாலும் சரி. சட்டைப் பித்தானைப் பார்க்காமலே போட முடிகிறது. கை எங்கே இருக்கிறது என்ற தகவல் இந்த நோயில் மங்கிப்போகிறது. லெவோடோபா மாத்திரை அதைச் சரிசெய்வதில்லை, சிலருக்கு இன்னும் கெடுக்கிறதாம். கரண்ட் ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் வலது தோள் வலியும் குறைந்திருக்கிறது. ஆனால் ரிவ்யூவில் நடக்கச் சொல்கிறார்கள், விரலைத் தட்டச் சொல்கிறார்கள். தோளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்ன பிறகே குறித்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் புளிப்பும் வெல்லமும் நாக்குக்குத் தெரிந்தன. வேப்பம்பூவை நெய்யில் வதக்கியபோது கமலா அடுப்படியிலிருந்து, "வாசனை வருதா?" என்றாள். இல்லை. கசப்பு மட்டும் வந்தது. கருவி ஓடும்போது ஒரு வாசனையிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிவது சிலருக்குச் சற்று மேம்பட்டதாம். மெல்லிய வாசனையைப் பிடிக்கும் திறன் மட்டும் மாறவில்லையாம். எனக்கு அந்தச் சற்றும் இல்லை. கை கிடைத்தது, மூக்கு கிடைக்கவில்லை. கணக்கில் இது லாபம்தான்.

சாயங்காலம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த மகன்தான் ஓடிப்போய் மூடினான். கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றுக்கு இரவே ஆர்டர் போட்டுவிட்டான், வியாழக்கிழமை வருமாம்.