தேய்ந்த கத்தி

பின்லாந்து தேசத்தின் மத்தியப் பிரதேசத்தில், யுவாஸ்கூலா நகரிலிருந்து சற்றுத் தொலைவில், பிர்ச் மரங்களும் ஊசியிலைக் காடுகளும் ஏரிகளும் மாறி மாறி வரும் ஒரு கிராமத்தில், காகித ஆலைப் பணியின் நிமித்தமாக இரண்டு வருஷம் வாசம் செய்யும் சந்தர்ப்பம் எனக்கு நேர்ந்தது. அடுத்த பண்ணையில் எழுபது பிராயத்தைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய இடுப்புவாரில் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருந்த கத்தியை அவர் முதன்முதலாக உறையிலிருந்து உருவி என் கையில் கொடுத்தபோது, இவ்வளவு சிறிய கருவியைக் கொண்டா இங்கே காட்டு மிருகங்களை அறுக்கிறார்கள் என்று வியந்தேன். அலகின் அகலம் ஒரு விரற்கடைகூட இல்லை. அது அவருடைய தகப்பனார் வைத்திருந்த கத்தி. அவர் சிறுவராக இருந்த காலத்தில் அதன் அலகு இப்போதைப்போல் இருமடங்கு அகலம் கொண்டிருந்ததாம். வருஷந்தோறும் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து, முழுக்க முழுக்க உழைப்பினாலேயே இளைத்துப்போன கத்தி அது.

அந்நாட்டார் அதனைப் பூக்கோ என்று சொல்லுகிறார்கள். மடங்காத அலகு, மரப்பிடி, தோலுறை ஆகிய இம்மூன்றைத் தவிர அதில் வேறு அங்கம் எதுவும் இல்லை. உள்ளங்கையின் அகலமே அலகின் நீளத்துக்கு அளவு என்பது பரம்பரை வழக்கு. ஆகையால் பெரும்பாலும் அது 9 அல்லது 10 சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. வடக்கே லாப்லாந்தில் சாமி இனத்தார் கிளை வெட்டவும் விறகு பிளக்கவும் லெயுக்கு என்னும் நீண்ட கத்தியைத் தனியாக வைத்திருப்பார்கள். நுட்பமான வேலைக்கு அவர்களும் சிறு கத்தியைத்தான் நாடுவார்கள். கௌஹவா என்னும் ஊரில் 1879ஆம் ஆண்டு முதற்கொண்டு ஈசாக்கி யார்வென்பா பட்டறையும், ரோவானியெமியில் 1928ஆம் ஆண்டு முதற்கொண்டு மார்த்தீனி பட்டறையும் இக்கத்திகளைச் செய்து பிரசித்தி பெற்றிருக்கின்றன. இருந்தாலும், வேட்டைக் கத்தி என்றால் நீண்டு, வளைந்து, பார்த்த மாத்திரத்தில் பயத்தை விளைவிப்பதாக இருக்க வேண்டும் என்று கதைகளிலும் சித்திரங்களிலும் கண்டு எண்ணியிருந்த எனக்கு, இந்தச் சிறு அலகு ஏமாற்றத்தையே அளித்தது. என் முகக்குறிப்பை உணர்ந்த பெரியவர், "கொல்லுவது துப்பாக்கியின் வேலை. கத்தியின் வேலை அதற்குப் பின்புதான் ஆரம்பிக்கிறது" என்றார். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கியது அக்டோபர் மாதத்தில், ஹிர்வி என்று அவர்கள் அழைக்கும் மூஸ் மானின் வேட்டைக் காலம் பிறந்த பிறகே.

அங்கே மூஸ் வேட்டை தனி மனிதனுடைய சாகசம் அன்று. கிராமத்தின் வேட்டைச் சங்கம் ஒன்று கூடி, அனுமதி பெற்ற எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் சுடுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு செய்யும் காரியம் அது. 75 மீட்டர் தூரத்திலிருந்து குறி தவறாமல் சுடும் பரீட்சையில் தேறாதவர்கள் அதில் துப்பாக்கி ஏந்த முடியாது. பனி மூடிய ஒரு காலையில், நாய்களின் குரைப்பு காட்டுக்குள் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நிலைத்ததையும், அப்பால் ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டதையும், நாங்கள் ஓடிச் சென்று பார்த்தபோது அந்தப் பெரிய மிருகம் பாசியின் மேல் அசைவற்றுக் கிடந்ததையும் நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கணநேரம் மௌனமாக நின்றார்; பிறகு கத்தியை உருவினார்.

அவசரம் என்ற சொல்லுக்கும் பதற்றம் என்ற சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று நான் கண்ணால் கண்டேன். வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவுக்கு மேலும் எடை காணும். அதன் ரோமங்கள் உள்ளே வெறுமையான குழல்கள் போன்றவை. தோலோ மிகவும் தடிப்பானது. குளிரிலிருந்து உயிரைக் காக்கும் அந்தப் போர்வையே உயிர் பிரிந்த பின் உடலின் சூட்டை வெளியே விடாமல் தடுத்துவிடுகிறது. நீர் உறையும் குளிரிலும், வயிற்றைத் திறந்து குடலை அகற்றத் தாமதித்தால் இறைச்சி உள்ளிருந்து கெடத் தொடங்கும். ஆகையால் நேரம் கொஞ்சம். ஆனால் கை தடுமாறினால், அலகின் நுனி இரைப்பையையோ குடலையோ துளைத்து, அசுத்தம் பரவி, காக்க வந்ததையே கெடுத்துவிடும். பெரியவர் கத்தியின் வாய் மேல் நோக்கும்படி திருப்பிப் பிடித்து, இடக்கையின் இரண்டு விரல்களை வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்தி, அவ்விரு விரல்களுக்கு நடுவே நுனியை ஒளித்து வைத்துக்கொண்டு, விரல்கள் முன்னே செல்ல அலகு அவற்றைப் பின்தொடரும்படி ஒரே சீராக அறுத்துக்கொண்டு போனார். உள்ளுறுப்பு எதிலும் ஒரு கீறல் விழவில்லை.

நீண்ட அலகு இவ்விடத்தில் ஏன் உதவாது என்பது அப்போதே தெளிவாயிற்று. மார்புக்கூட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கை மட்டும் தடவி அறியும் இருட்டில் வேலை செய்கையில், நுனி எங்கே இருக்கிறதென்பது சுட்டுவிரலுக்குத் தெரிய வேண்டும். கைக்கு எட்டாத தொலைவில் நுனி உள்ள கத்தி குருடன் கைக் கோலன்று, குருடன் கையில் கொடுத்த ஈட்டி. அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் என்னும் கத்திக் கலைஞர், அலகின் முதுகு நுனியை நோக்கி மெல்லச் சரிந்து இறங்குமாறு அமைத்த வேட்டைக் கத்திகளை உலகறியச் செய்தாரே, அதற்கும் காரணம் இதுவே: நுனி தாழ்ந்திருந்தால், குத்தக் கூடாத இடத்தில் குத்தாது. இருவேறு கண்டங்களில் இருவேறு மரபினர், வேட்டை விலங்கின் முன் மண்டியிட்டு வேலை செய்து, ஒரே உண்மையை அடைந்திருக்கிறார்கள்.

மானை டிராக்டரில் ஏற்றிச் சங்கத்தின் கொட்டகைக்குக் கொண்டுவந்து, பின்னங்கால்களைக் கட்டித் தூக்கித் தொங்கவிட்டுத் தோலுரிக்கத் தொடங்கினார்கள். பெரியவர் தமது கத்தியை என்னிடம் கொடுத்து, ஒரு காலின் தோலைத் திறக்கச் சொன்னார். நான் தோலின் மேற்புறத்திலிருந்து, ரோமத்தின் மீதே அலகை வைத்து அழுத்தி அறுத்தேன். சேற்றிலும் மணலிலும் புரண்ட ரோமம் அது. பத்து நிமிஷத்திற்குள், காகிதத்தை ஓசையின்றிப் பிளந்த அந்த வாய் மழுங்கிவிட்டது. தகப்பனார் காலத்துப் பொருளுக்கு ஊறு செய்துவிட்டேனே என்று என் மனம் வருந்தியது. அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. கத்தியை வாங்கி, சட்டைப்பையிலிருந்த சிறு சாணைக்கல்லில் நான்கைந்து தடவை இழுத்து, இடுப்புவாரின் தோலில் தீட்டி, என் கையைப் பிடித்து, நுனியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே செருகி, உள்ளிருந்து வெளியே அறுக்கக் காட்டினார். அப்படி அறுக்கையில் ரோமங்கள் வெட்டுப்படாமல் இருபுறமும் தாமே விலகி வழிவிட்டன. அலகு சுத்தமான தோலை மட்டுமே தொட்டது.

அடுத்துக் கற்றது மூட்டைப் பற்றியது. எலும்பை வெட்டும் சாமர்த்தியம் கத்திக்குத் தேவையில்லை. மூட்டு எங்கே இருக்கிறதென்று பெருவிரலால் அழுத்தி அறிந்து, அங்குள்ள நரம்பையும் தசைநாரையும் அறுத்துவிட்டால், இரண்டு எலும்புகளும் கதவும் நிலையும்போல் தாமே பிரிந்துகொள்ளுகின்றன. எலும்பில் அலகை மோதுகிறவனும், மூட்டிடுக்கில் அலகைச் செருகித் திருகுகிறவனும் அந்த மிருகத்தின் அமைப்பை அறியாதவர்கள். அவர்களுடைய கத்தியின் வாய் பல் பல்லாக உதிர்ந்துவிடும். எஃகின் ஸ்வபாவமும் அதற்கு ஒத்தது. மிகவும் கடினமாகப் பதப்படுத்தினால் கூர்மை நெடுநேரம் நிற்கும், ஆனால் சிறு அதிர்ச்சிக்கும் உடையும். இளக்கமாக விட்டால் உடையாது, ஆனால் சீக்கிரம் மழுங்கும். ராக்வெல் அளவில் 58க்கும் 60க்கும் இடையே நல்ல கொல்லர்கள் நிறுத்தும் அந்தக் கடினம், இவ்விரண்டு குறைகளுக்கும் நடுவே கண்ட சமரசமாகும்.

இவ்வளவுக்கும் மேலாக, கத்தியின் பரீட்சை அலகில் இல்லை, பிடியில் இருக்கிறது என்பதை அன்று மாலைக்குள் உணர்ந்தேன். இரத்தமும் கொழுப்பும் கலந்து கையில் பூசிக்கொள்ளும். குளிரில் அந்தக் கொழுப்பு உறைந்து மெழுகைப்போல் வழுக்கும். பெரியவருடைய கத்தியின் பிடி, பிர்ச் மரப்பட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக்கிச் செதுக்கியது. ஈரம் பட்டால் வழுக்காமல் கையோடு ஒட்டும் குணம் அந்தப் பட்டைக்கு இருக்கிறது. அலகின் வால் பிடியின் நடுவே மறைந்து செல்வதால், விரல்களில் உலோகம் எங்கும் படுவதில்லை. விறைக்கும் குளிரில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அங்கே உழைத்த விரல்களே சொல்லும். அருகில் வேலை செய்த இளைஞர் ஒருவர் கொண்டுவந்திருந்த விலையுயர்ந்த மடக்குக் கத்தி, கூர்மையில் ஒரு குறையும் இல்லாதிருந்தும், மடக்குப் பள்ளத்தில் கொழுப்பும் ரோமமும் அடைத்துக்கொண்டதால் மூடவும் முடியாமல் கழுவவும் முடியாமல் நடுவேலையில் ஒதுக்கப்பட்டது. மறைவான இடம் ஒன்றும் இல்லாத கருவியே சுத்தமாக இருக்க முடியும் என்ற பாடத்தை, அந்த இரண்டு கத்திகளும் அருகருகே கிடந்து எனக்குப் போதித்தன.

இக்கத்தியின் சரித்திரம் முழுவதும் புனிதமானது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில், தென் ஆஸ்ட்ரோபோத்னியா பிரதேசத்தில், கல்யாண வீடுகளிலும் சந்தைகளிலும் பூக்கோவை உருவி மனிதர்களைக் குத்திய முரடர்களின் பெயர்கள் இன்றும் அங்கே நினைக்கப்படுகின்றன. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்துக்கொள்ளுவதை அத்தேசத்துச் சட்டம் இப்போது தடுக்கிறது. ஒரே அலகு ஆகாரத்துக்கும் கொலைக்கும் உரியதாக இருக்கும்போது, அதற்குரிய தர்மம் எஃகில் இல்லை, பிடித்த கையின் அடக்கத்தில்தான் இருக்கிறது. நல்ல வேட்டைக் கத்தியை அது வெட்டியதைக் கொண்டு நான் இனி மதிக்க மாட்டேன்; துளைக்காமல் விட்ட குடலையும், மோதாமல் விட்ட எலும்பையும், சிதைக்காமல் விட்ட இறைச்சியையும் கொண்டே மதிப்பேன்.

இறைச்சியைப் பங்கிட்ட பிறகு, பின்னொரு நாள் சங்கத்தார் நிலம் கொடுத்தவர்களையும் ஊராரையும் அழைத்து, பெரிய அண்டாக்களில் சூப்பு காய்ச்சி விருந்திட்டார்கள். ஹிர்விபெயாய்செத் என்று அதற்குப் பெயர். ஆனால் என் நினைவில் விருந்தைவிட ஆழமாகப் பதிந்திருப்பது, வேட்டை நாளின் இரவில் பெரியவர் கத்தியைக் கழுவிய காட்சியே. வெந்நீரில் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்குள் போடாமல் உறைக்குப் பக்கத்தில் வைத்தார். ஈரத்தோல் எஃகுக்குச் சத்துரு. கார்பன் எஃகு ஓர் இரவில் துருவேறிவிடும். இரண்டும் தனித்தனியே உலர்ந்த பிறகே ஒன்று சேர வேண்டும் என்றார். பிறகு கல்லில் அலகின் சரிவைத் தட்டையாகப் படிய வைத்துத் தீட்டினார். கோணத்தைக் கை தேட வேண்டியதில்லை. சரிவே கல்லின்மேல் அமர்ந்து தன் கோணத்தைத் தானே சொல்லிவிடுகிறது. கல்லில் தங்கிய கருநிறச் சேற்றை அவர் விரலால் வழித்தபோது, இத்தனை வருஷங்களாக அந்த அலகு போன வழி அதுதான் என்று அறிந்தேன்.

நான் விடைபெற்றுத் திரும்பும்போது புதிய பூக்கோ ஒன்றை அவர் எனக்கு அளித்தார். கத்தியைப் பரிசாகக் கொடுப்பது அந்நாட்டில் நம்பிக்கைக்கு அடையாளம். வருஷங்கள் பல கடந்துவிட்டன. அதன் அலகு அன்றைக்கிருந்த அகலத்தோடு அப்படியே இருக்கிறது. பெரியவருடைய கத்தியில் குறைந்த ஒவ்வொரு மயிரிழையும் ஒரு குளிர்காலத்து ஆகாரமாக யாரோ ஒருவர் வீட்டைச் சென்று சேர்ந்தது. என் கத்தியில் குறைந்தது ஒன்றுமில்லை, அதற்காக நான் பெருமைகொள்ள முடியாது. வேட்டைக்குப் போகாத என் வீட்டில் அது பழம் நறுக்குகிறது, கயிறு அறுக்கிறது. வேலை முடிந்ததும் அதைக் கழுவித் துடைத்து, உறைக்குப் பக்கத்தில், உறைக்கு வெளியே, உலர வைக்கிறேன்.