மானசகங்கோத்ரி ஆசிரியைகளுக்கு



மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் முன்பள்ளியில் என் மகனோடு என்னையும் உட்கார வைத்துப் பாடம் நடத்திய உங்களுக்கு, ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாலு வார்த்தை பேச்சு வந்தால் போதும் என்றுதான் வந்தேன். நீங்கள் முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தீர்கள். அப்புறம் சோப்புக் குமிழி டப்பாவை எடுத்தீர்கள். ஒரு முறை ஊதிவிட்டு மூடியை இறுக்கி, உங்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். அவன் டப்பாவைப் பார்த்தான், உங்கள் கையை இழுத்தான், கடைசியில் முகத்தைப் பார்த்தான். உடனே ஊதினீர்கள். "கண்ணைப் பாரு" என்று யாரும் அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பவில்லை.

அந்தக் காத்திருப்புதான் எனக்குப் புதிது. நம் வீடுகளில் பிள்ளை கேட்பதற்கு முன்பே தண்ணீர் டம்ளர் வந்துவிடும். பிறகு அவன் எதற்காக நம்மைக் கூப்பிடப்போகிறான்?

பிறகு பந்து. எதிரே இன்னொரு பிள்ளை, நடுவில் நீங்கள். உருட்டு, நிறுத்து, இப்போது அவன் முறை. பார்க்க விளையாட்டுதான்; ஆனால் விட்டுக்கொடுப்பது, காத்திருப்பது, அடுத்தவரைக் கவனிப்பது என எல்லாப் பாடமும் அதற்குள்தான் இருந்தது. அதையே மாலையில் வாடகை அறையில் நாங்கள் செய்தோம். பக்கத்து அறை மலையாளத்து அக்காவும் தன் மகளோடு வந்துவிடுவார். அவருக்கும் என் நன்றி.

"கவர்மென்ட் இடமா?" என்று உதட்டைப் பிதுக்கிய உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 1965-இல் தொடங்கிய அந்த மத்திய அரசு நிறுவனத்தில் என்னைப் பொறுமையாக நடத்தியது போல வேறெங்கும் நடத்தவில்லை.

இப்போதும் அவன் அதிகம் பேசுவதில்லை. ஆனால் சறுக்குமரத்தில் முன்னால் உள்ள பிள்ளை இறங்கும்வரை நிற்கிறான். விமானம் போனால் என் தோளைத் தட்டி வானத்தைக் காட்டுகிறான். அப்போது அவனுக்கு என்னிடம் எதுவும் வேண்டியதில்லை. நானும் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு: ஒன்றரை வயதிலும் பிள்ளை எதையும் சுட்டிக்காட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.